எடுத்தெழுதாத பக்கம்

ஜூன் 4

கணக்குப்பிள்ளைக்கு,

நேற்று மறுபடியும் கசிந்துவிட்டது. ராக்கெட்டின் அடியில் எரிபொருள் குழாய் வந்து சேரும் தட்டு ஒன்று உண்டு என்று எழுதியிருக்கிறேனே, அதே இடம். அதாவது என் இடம். திரவ ஹைட்ரஜன் உள்ளே வந்ததும் குளிரில் எல்லாமே சுருங்கும். குழாய் இணைப்பைக் கசியாமல் அடைக்கும் என் சீல் மட்டும் ஒரு மயிரிழை கூடுதலாகச் சுருங்கித் தொலைக்கிறது. கிளம்ப நாற்பது நிமிடம் இருக்கும்போது நிறுத்திவிட்டார்கள். இயக்குநர் வெளியே வந்து பத்திரிகைக்காரர்களிடம் "அடுத்த மாசம்" என்றார். அவருக்கு இப்போது அதுதான் பெயர். கேன்டீனில் டீ ஊற்றுகிறவர்கூட "அடுத்த மாசம் சார் சாப்பிட வந்தாச்சா?" என்றுதான் கேட்கிறார்.

இன்னொரு விஷயம். ஒரு சுற்றறிக்கை வந்திருக்கிறது. நம் ஊர்க் குழாய்த் தொழிற்சாலையிலிருந்து இங்கே அனுப்பப்பட்டவர்கள் ஜூன் முப்பதுக்குள் எழுதிக் கொடுத்தால் பழைய வேலைக்கே திரும்பலாம். அதற்குப் பிறகு அங்கே நம் இடத்தை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள். நிதிக்குழு இந்த வருஷம் திட்டத்தையே ரத்து செய்யப்போகிறது என்று ஒரு பேச்சு. வருஷா வருஷம் காட்டும் பூச்சாண்டி என்று இன்னொரு பேச்சு. ரத்தாகும்வரை நான் இங்கேயே உட்கார்ந்திருந்தால் இதுவும் இல்லை, அதுவும் இல்லை. நாற்பத்தொன்பது வயதில் நடுத்தெரு. நான் கிளம்பி வந்து, அது ரத்தாகாமல் போனால், பதினோரு வருஷம் நான் தேய்த்த இடத்தில் வேறொருவன் கை வைத்து அது பறக்கும். அதை என்னால் தாங்க முடியாது.

உன்னிடம் அந்த நோட்டு இருக்கிறது. நான் சொன்ன ஒவ்வொரு தேதியையும் பேப்பரில் வந்ததையும் நீ குறித்து வைப்பது எனக்குத் தெரியும். மகள் கல்யாணத்துக்கு எத்தனை இலை விழும் என்று நீ சொன்னதில் இரண்டுதான் கூடியது. நீயே சொல், ரத்தாகுமா, ஆகாதா? நோட்டு சொல்வதைச் செய்கிறேன். வளாகத்துக்குள் செல்போன் கூடாது, ஹாலில் இருக்கும் ஒரே போனில் பேசினால் முதுகுக்குப் பின்னால் ஆறு பேர். எழுது.

அப்பா எப்படி இருக்கிறார்?


ஜூன் 9

என் பெண்ணின் அப்பாவுக்கு,

அப்பா எப்படி இருக்கிறார் என்று கடைசி வரியில் கேட்டிருக்கிறீர்கள். நானும் கடைசி வரியிலேயே சொல்கிறேன். முதலில் கேட்டதற்கு முதலில்.

பதினோரு வருஷத்தில் பதினான்கு தேதிகள். முதல் தேதி சொன்னபோது நம் பெண் ஐந்தாவது படித்தாள். "அவ எட்டாவது போறதுக்குள்ள முடிஞ்சிரும்" என்று இந்த வாசலில் நின்றுதான் சொன்னீர்கள். எட்டாவது போனாள், இன்னும் இரண்டு வருஷம் என்றார்கள். பத்தாவது முடித்தாள், ஒரு வருஷம் என்றார்கள். இப்போது அவளுக்குப் பிரசவத்துக்கு டிசம்பர் என்று டாக்டர் தேதி சொல்லியிருக்கிறார். அந்தத் தேதியை நான் நம்புகிறேன்.

அவளுடைய பழைய கணக்குப் புத்தகத்தைப் பார்த்துக் கட்டத்தாளில் புள்ளி வைத்தேன். கீழே, அவர்கள் வாய் திறந்த தேதி. பக்கத்தில், கிளம்பும் என்று சொன்ன தேதி. நாள் ஓடும் கோடு ஒன்று, அவர்கள் சொன்ன தேதிகளைச் சேர்த்த கோடு ஒன்று; இரண்டும் சாய்ந்து வந்து ஓரிடத்தில் முட்ட வேண்டும். அதுதான் கிளம்பும் நாள். முதல் ஏழு வருஷம் நெருங்கி வருகின்றன. அதற்குப் பிறகு நான்கு வருஷமாக நெருங்கவே இல்லை. ஒரு மாதம் போனால் தேதியும் ஒரு மாதம் போகிறது. தண்டவாளம் மாதிரி இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் ஓடுகின்றன.

செலவு முதலில் சொன்னதைப்போல மூன்றரை மடங்கு. மூன்று மடங்கைத் தாண்டிய பெரிய அரசுத் திட்டங்கள் இதற்கு முன் எவையெவை என்று நூலகத்தில் பழைய பேப்பர்களைப் புரட்டினேன். நான்கு. அவற்றில் மூன்றை மூடிவிட்டார்கள். தனியார் கம்பெனி ஒன்று இதே எடையைக் கால்வாசிச் செலவில் தூக்குகிறேன் என்று போன மாதம் அமைச்சரிடம் போய் நின்றிருக்கிறது. அந்த அமைச்சரும் புதியவர். ஆரம்பித்தவர் என்ற பாசம் அவருக்கு இருக்காது.

ரத்தாகும். முப்பதாம் தேதிக்குள் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

அப்பா அப்படியேதான் இருக்கிறார். ஆறு கடிதங்களில் எழுதியதற்கு மேல் புதிதாக ஒன்றும் இல்லை. ஒரு நாளைக்கு நான்கு முறை புரட்டிப் படுக்கவைக்கிறேன். "அந்த வாணம் கிளம்பிச்சாம்மா?" என்று கேட்கிறார். "நாளைக்கு மாமா" என்கிறேன்.


ஜூன் 14

கணக்குப்பிள்ளைக்கு,

தண்டவாளம் என்று எழுதிவிட்டாய். கடிதத்தைப் படித்துவிட்டு மெஸ்ஸில் உட்கார்ந்தேன், தட்டில் கை வைக்க முடியவில்லை. நீ எழுதியதில் ஒரு தேதிகூடத் தப்பில்லை. அதுதான் எரிச்சலாக இருக்கிறது.

ஆனால் நீ இங்கே வந்து பார்த்ததில்லை. ஒரு புது சீல் செய்திருக்கிறேன். உள்ளே மெல்லிய ஸ்பிரிங் வைத்தது. குளிரில் சீல் சுருங்க, ஸ்பிரிங் அதை வெளியே தள்ளும். பன்னிரண்டு முறை குளிரவைத்துப் பார்த்தேன், பன்னிரண்டிலும் கசியவில்லை. உன் கட்டத்தாளில் இதற்குப் புள்ளி உண்டா? என் கீழே வேலை பார்க்கும் கண்ணாடிக்காரர் (எந்நேரமும் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருப்பார்) நேற்று என்னிடம் சொல்கிறார்: "நீங்க ஊருக்குப் போறதா இருந்தா போங்க சார். இதை நான் மாட்டிக்கிறேன்." சிரித்துக்கொண்டே சொன்னார். பல்லைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வந்தது.

இயக்குநரிடமே போய்க் கேட்டேன்.

"ரத்து பண்ணிருவாங்களா சார்?"

"இதுல யாரும் கை வைக்க மாட்டாங்கய்யா."

"ஏன் சார்?"

"மாட்டாங்கன்னா மாட்டாங்க. போய் வேலையைப் பாருய்யா."

அவ்வளவுதான். ஆனால் அந்த ஆள் பொய் சொல்லும்போது கழுத்தைத் தடவுவார். அன்றைக்குத் தடவவில்லை. அவருக்கு ஏதோ தெரிந்திருக்கிறது. நீ எதையும் ஒரு பக்கம் மட்டும் பார்த்துவிட்டு மூடி வைக்கிறவள் இல்லை. ரத்தாகாது என்பதற்கு என்னென்ன உண்டு என்றும் பார்த்திருப்பாயே? பார்த்தாயா? அதை ஒரு வரி எழுது. எழுதினால் நிம்மதியாகக் கையெழுத்துப் போடுவேன். இங்கேயோ அங்கேயோ.


ஜூன் 18

உங்களுக்கு,

எதிர்ப்பக்கமும் பார்த்தேன். அங்கே ஒன்றும் இல்லை.

உங்கள் இயக்குநருக்குக் காரணம் தெரிந்திருந்தால் சொல்லியிருப்பார். நாலு பேரை வேலையில் நிறுத்திவைக்க வேண்டியவர் வேறென்ன சொல்வார்? நோட்டு சொல்வதைச் செய்கிறேன் என்று எழுதியது நீங்கள். நான் கேட்டு வாங்கிய வாக்கு இல்லை.

இன்னும் பன்னிரண்டு நாள் இருக்கிறது. உங்களுக்காகக் கடவுளிடம் வேண்டிக்கொள்கிறேன்.


ஜூன் 27

கணக்குப்பிள்ளைக்கு,

எழுதிக் கொடுத்துவிட்டேன். மூன்று நிமிட வேலை. எழுத்தர் முத்திரை குத்திவிட்டு, "வீட்டுக்குப் போறீங்க, முகத்தை ஏன் சார் இப்படி வெச்சிருக்கீங்க?" என்று கேட்டார்.

சீல்களை எண்ணி ஒப்படைத்தேன். அளவு எடுத்த குறிப்புகளையும் கொடுத்தேன். கண்ணாடிக்காரர் இரண்டு கையையும் நீட்டி வாங்கிக்கொண்டார், கோயில் பிரசாதம் வாங்குகிற மாதிரி.

ஐந்தாம் தேதி காலை ரயில். அப்பாவிடம் சொல். உன் நோட்டு சரியாக இருக்கட்டும். இந்த வார்த்தையை நான் எப்படிப்பட்ட வயிற்றெரிச்சலோடு எழுதுகிறேன் என்று உனக்குத் தெரியாது.


டிசம்பர் 12

உனக்கு,

நீ பிரசவத்துக்குத் துணையாகப் போயிருக்கும் பெண் வீட்டிலிருந்து பேத்தியின் படத்தை மாப்பிள்ளை அனுப்பியிருந்தார். நெற்றி உன்னுடையது. குழந்தையைக் குளிப்பாட்டும் நேரத்தில் இதைப் பிரிக்காதே. எல்லாரும் தூங்கியபின் தனியாக உட்கார்ந்து படி. போனில் பேசியிருக்கலாம்; கத்திவிடுவேன், பிள்ளை பெற்றவள் பக்கத்தில் இருக்கிறாள்.

எட்டாம் தேதி ராக்கெட் பறந்தது. உனக்கும் தெரிந்திருக்கும். நான் தொழிற்சாலை கேன்டீன் டிவியில் பார்த்தேன். சாப்பாட்டு நேரம். அது தூக்கிக்கொண்டு போனபோது தட்டோடு நின்ற ஒருவர் "நீங்க இதுலதானே சார் இருந்தீங்க?" என்றார். "இருந்தேன்" என்றேன். "அப்ப ஏன் சார் வந்துட்டீங்க?" என்றார். ஊறுகாய் கேட்கிற குரலில் கேட்டார். அடித் தட்டில் ஒரு சொட்டுக் கசிவு இல்லை. என் சீல். கண்ணாடிக்காரரைப் பேட்டி எடுத்தார்கள். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே "பன்னிரண்டு முறை சோதித்தோம்" என்றார்.

ஆகஸ்டில் நிதிக்குழு பணம் ஒதுக்கியபோதே உன்னிடம் கேட்டேன். "ரத்தாகலையே?" "எந்த நோட்டும் தப்பும்" என்றாய். அப்பா போய் மூன்றாம் நாள் அது. அதற்கு மேல் நான் வாய் திறக்கவில்லை.

நேற்று அப்பாவின் பென்ஷனை முடிக்க இறப்புச் சான்றிதழ் கேட்டார்கள். பெட்டியில் நோட்டுகளுக்கு அடியில் இருக்கிறது என்று நீதான் போனில் சொன்னாய். நோட்டை நீயே எடுக்கச் சொல்லிவிட்டாய், யோசிக்காமல்.

இடது பக்கம், எனக்கு எழுதிய தேதிகள், தண்டவாளம், எல்லாம். வலது பக்கம் பத்தொன்பது ஊர்களின் பெயர். எந்த ஊரில் எந்தப் பாகம் செய்கிறார்கள்: தொட்டி, வால்வு, மூக்கு, போல்ட்டு, பூச்சு. எதிரே நிதிக்குழுவில் உள்ள பதினைந்து எம்.பி.க்களும் எந்தெந்த ஊர்க்காரர்கள் என்று. பதினோரு பேருக்கு நேராகச் சின்னக் கோடு. கீழே உன் கையெழுத்தில்: "தங்கள் ஊர் வேலையைத் தாங்களே நிறுத்த மாட்டார்கள். ரத்தாகாது. தாமதமாக, ஆனால் கிளம்பும்."

தேதி ஜூன் 7. நீ எனக்கு எழுதியது ஜூன் 9.

இதற்கு என்ன சொல்கிறாய்?


டிசம்பர் 17

உங்களுக்கு,

தனியாக உட்கார்ந்துதான் படித்தேன்.

நான் செய்ததுதான். ஜூன் 9 கடிதத்தில் எழுதிய தேதிகள் எல்லாம் சரி. இடது பக்கத்தை எடுத்தெழுதினேன், வலது பக்கத்தை விட்டேன். இரண்டையும் பார்த்து ரத்தாகாது என்று முடிவு கண்டவள், ஒன்றை மட்டும் வைத்து ரத்தாகும் என்று எழுதினேன். ஜூன் 18 கடிதத்தில் "அங்கே ஒன்றும் இல்லை" என்றது பச்சைப் பொய். அன்றிலிருந்து பிரார்த்தனைக்கு உட்கார்ந்தால் மனசு நிற்பதில்லை. கடவுளுக்கு எதிரே அரைக்கண் திறந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறேன். மன்னிப்புக் கேட்கிறேன். அது தனி.

இது தனி. அப்பா குளியலறையில் விழுந்தபோது எழுதினேன், வாருங்கள் என்று. "கிளம்பினதும் வருகிறேன்" என்று பதில். அவருக்கு ஒரு பக்கம் விழுந்துபோனபோது எழுதினேன். "சோதனை நடக்கிறது." அவரைத் தூக்கும்போது எனக்கு இடுப்பில் சதை பிசகி, பதினாறு நாள் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். எழுதினேன். "ஆள் வைத்துக்கொள்." வந்த ஆள் மூன்றாம் நாள் ஓடிவிட்டார், அப்பா எண்பத்திரண்டு கிலோ. படுக்கைப்புண் வந்தபோது எழுதினேன். அவர் என்னை யார் என்று கேட்டபோது எழுதினேன். எந்தக் காரணமும் இல்லாமல், என்னால் முடியவில்லை என்று மட்டும் ஒரு முறை எழுதினேன். அதற்கு நீங்கள் வால்வைப் பற்றி நான்கு பக்கம் எழுதியிருந்தீர்கள். ஆறு கடிதங்களும் ஆறு பதில்களும் அதே பெட்டியில், பச்சை உறையில் இருக்கின்றன. சான்றிதழ் தேடியபோது கையில் பட்டிருக்கும்.

பெண்டாட்டியாக ஆறு முறை கேட்டேன், வரவில்லை. ராக்கெட் இருக்காது என்று ஒரு முறை எழுதினேன். அடுத்த மாதமே வந்து நின்றீர்கள்.

நாற்பத்தொரு நாள் உங்கள் அப்பாவை உங்கள் கையால் புரட்டிப் படுக்கவைத்தீர்கள். அவர் கடைசியாகக் கூப்பிட்டது உங்களை. நான் அந்த நாற்பத்தொரு நாளை ஒரு தட்டில் வைத்தேன், உங்கள் ராக்கெட்டை ஒரு தட்டில் வைத்தேன். நிறுத்துப் பார்த்துத்தான் செய்தேன்.


டிசம்பர் 22

உனக்கு,

நிறுத்துப் பார்த்தாய். உன் தராசில். என் கையில் ஒரு தடவையாவது அந்தத் தராசைக் கொடுத்தாயா?

பச்சை உறையைப் பிரித்தேன். ஆறையும் படித்தேன். என் பதில்களையும் படித்தேன். வால்வு பற்றி நான்கு பக்கம் இல்லை, ஐந்து. அதைப் பற்றி நான் ஒன்றும் எழுதப்போவதில்லை, எழுதினால் உன் பக்கம் சாய்ந்துவிடும்.

ஆனால் இதையும் கேள். அப்பாவைப் புரட்டிய ஒவ்வொரு முறையும் நான் ராக்கெட்டின் அந்த அடித் தட்டைத்தான் நினைத்தேன். அவர் "வந்துட்டியாடா" என்றபோது, "வந்துட்டேன்பா" என்று சொல்லிவிட்டு, உள்ளே பல்லைக் கடித்தேன். செத்துப்போகிற திட்டத்தைத்தான் விட்டுவிட்டு வந்திருக்கிறோம், பரவாயில்லை என்று என்னை நானே தேற்றிக்கொண்டுதான் அவர் காலைப் பிடித்துவிட்டேன். அது பொய் என்று இப்போது தெரிகிறது. அந்த நாற்பத்தொரு நாளையும் இப்போது எங்கே கொண்டுபோய் வைப்பது?

இரண்டாவது ராக்கெட்டுக்கு ஆள் எடுக்கிறார்கள். சீல் சோதனைக்கு, ஒப்பந்தத்தில், இரண்டு வருஷம். இயக்குநர் போன் செய்தார். "வர்றியாய்யா? மாசக் கடைசிக்குள்ள சொல்லு" என்றார். போகத்தான் நினைக்கிறேன். இங்கே நான் தண்ணீர்க் குழாய்க்குத் திருகு மரை போட்டுக்கொண்டிருக்கிறேன்.

அது ரத்தாகுமா என்று உன் நோட்டைக் கேட்டுச் சொல். இந்த முறை இரண்டு பக்கமும்.


டிசம்பர் 27

என் பெண்ணின் அப்பாவுக்கு,

இரண்டு பக்கமும் எழுதுகிறேன்.

இடது பக்கம். இரண்டாவது ராக்கெட்டுக்கு இதுவரை மூன்று தேதிகள் சொல்லிவிட்டார்கள். முதல் ராக்கெட்டில் மிச்சமான பாகங்கள் பாதிக்கு மேல் இருப்பதால் இது பதினோரு வருஷம் ஆகாது. என் கணக்கில் நான்கரை. அவர்கள் சொல்வது இரண்டு. உங்கள் ஒப்பந்தமும் இரண்டு. மூன்றாம் வருஷம் நீட்டிப்பு கேட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டிவரும்.

வலது பக்கம். பத்தொன்பது ஊர்கள் இப்போது இருபத்து மூன்று. குழுவில் பதினைந்து பேரில் பன்னிரண்டு பேர் அந்த ஊர்க்காரர்கள். ஒரு தடவை பறந்த ஒன்றைக் கைவிட்டால் அடுத்த தேர்தலில் முகம் காட்ட முடியாது. தனியார் கம்பெனி அதற்குள் ஐந்தாறு ராக்கெட் விட்டாலும் இதை நிறுத்த மாட்டார்கள். ரத்தாகாது. இதில் எனக்குச் சந்தேகம் இல்லை. போனால் உங்கள் வேலை நிலைக்கும். நீங்கள் செய்த சீல் மறுபடி பறக்கும், அப்போது நீங்கள் அங்கே இருப்பீர்கள்.

ஒன்றையும் விடவில்லை. வேண்டுமானால் ஊர்ப் பட்டியல் அந்த நோட்டிலேயே ஏழாவது தாளில் இருக்கிறது, சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

நாற்பத்தொரு நாளை எங்கே வைப்பது என்று கேட்டீர்கள். எனக்குத் தெரியவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு பிடித்துவிட்டாலும் காலுக்கு இதமாகத்தான் இருந்திருக்கும். அவர் தூங்கினார், நான் பார்த்தேன்.

இனி நோட்டில் இல்லாதது. போகாதீர்கள். அப்பா இல்லை, பெண் தன் வீட்டில் நன்றாக இருக்கிறாள், என் இடுப்பும் தேவலை. சொல்லிக் கூப்பிட எந்தக் காரணமும் கையில் இல்லை. வெறுமனே கேட்கிறேன். பதினோரு வருஷம் ஒரு ஆளுக்குச் சமைத்து, ஒரு ஆளைப் புரட்டி, ஒரு ஆளுக்குக் கடிதம் எழுதினேன். நீங்கள் வந்த இந்த ஐந்து மாதமும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் இருந்தீர்கள். அப்படியே இருங்கள். ஆனால் இருங்கள்.

பதினோராம் தேதி மாலை பஸ்ஸில் வருகிறேன்.


ஜனவரி 2

கணக்குப்பிள்ளைக்கு,

உன் கடிதம் முப்பதாம் தேதி காலை வந்தது. ஏழாவது தாளைச் சரிபார்த்தேன். சரியாக இருக்கிறது.

கடைசிப் பத்தியை மூன்று முறை படித்தேன். படித்துவிட்டு, மத்தியானம் இயக்குநருக்குப் போன் செய்து, வருகிறேன் என்று சொன்னேன். உன் கடிதத்துக்கு முன்னால் இல்லை. படித்த பிறகு. இதை மாற்றிச் சொல்ல எனக்கு வழி இருந்தது; சொல்லவில்லை.

அவர் "பார்த்துட்டுக் கூப்பிடுறேன்யா" என்றார். நேற்று கூப்பிட்டார். அந்த இடத்துக்குக் கண்ணாடிக்காரரே தன் ஆள் ஒருவரைப் போட்டுக்கொண்டுவிட்டாராம். "உன் குறிப்பெல்லாம் அவங்ககிட்ட இருக்குல்ல, அதுவே போதும்னு சொல்றாங்கய்யா. தப்பா எடுத்துக்காதே." நான் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை என்று சொன்னேன்.

பதினோராம் தேதி பஸ் நிலையத்துக்கு வருகிறேன். பையைத் தூக்காதே, இடுப்பு. வீட்டில்தான் இருப்பேன். நீ கேட்டதற்காக இருந்தேன் என்று மட்டும் என் பெயரில் வரவு எழுதிவிடாதே.